பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சாச்சு, இனிமே பல் டாக்டருக்குப் படிக்க வழி இருக்கா?

முள்ளியாறு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில பி.எஸ்சி. விலங்கியல் இந்த ஏப்ரல்லதான் முடிச்சேன். வயசு 21. பிளஸ் டூ முடிச்ச வருஷமே நீட் எழுதினேன், மார்க் பத்தல. இன்னொரு வருஷம் சும்மா உக்கார வைக்க முடியாதுன்னு வீட்ல டிகிரில சேத்துட்டாங்க.

ரெண்டாம் வருஷம் என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போனப்ப பல் மருத்துவக் குழு வந்திருந்தாங்க. பேர் எழுதுறது, டார்ச் பிடிக்கிறது என் வேலை. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் டாக்டரம்மா பக்கத்துலயே நின்னேன். ஒரு ஆயா, நடவு வேலைக்குப் போறவங்க, பல்லு ஆடுதுன்னு வந்தாங்க. டாக்டரம்மா பல்லப் பாத்துட்டு கன்னத்தை விரலால ஒதுக்கி, உள்ளே வெள்ளையா இருந்த இடத்தை எனக்குக் காட்டினாங்க. புகையிலை அடக்குற இடம். "இத இப்பவே பாத்ததால பிழைச்சாங்க, தஞ்சாவூர் மெடிக்கலுக்கு எழுதித் தர்றேன்"னாங்க. அன்னைலேர்ந்து இந்த வேலைதான் வேணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது.

இப்ப தஞ்சாவூர்ல ஒரு கன்சல்டன்சிக்கு அப்பாவோட போனோம். பட்டதாரியா இருந்தா இங்கிலாந்துல 4 வருஷத்துலயே பல் டாக்டர் ஆயிடலாம், நீட் வேண்டாம், சீட் உறுதி, மொத்தம் 60 லட்சம், இப்ப 2 லட்சம் முன்பணம்னு சொல்றாங்க. அது வேண்டாம்னா இங்கேயே மேனேஜ்மெண்ட் கோட்டா, பி.எஸ்சி. இருக்கிறதால நேரா ரெண்டாம் வருஷத்துல சேத்துடுவோம்னும் சொன்னாங்க. எங்களுக்கு மொத்தமே எட்டு மா நிலம். அப்பா நாலு மாவை வித்துடலாம்ங்கிறார். அம்மா பேசவே மாட்டேங்கிறாங்க. எனக்குக் கீழ தம்பி ஒருத்தன் இருக்கான், பத்தாவது.

டிகிரி முடிச்சவங்களுக்குன்னு நெசமாவே தனி வழி இருக்கா? என் பி.எஸ்சி.யால ஒரு வருஷமாவது குறையுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நீடாமங்கலம் வாத்தியார்:

அம்மா, நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். மனம் நோகாமல் கேள். இன்று மன்னார்குடி பந்தலடியில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே பல் கிளினிக் போர்டுகள் தெரிகின்றன. பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டத்தை முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போன என் மாணவர்கள் இருக்கிறார்கள். நீ பி.எட். சேர்ந்து டெட் எழுது. விலங்கியல் ஆசிரியர் வேலையும் மனிதருக்குச் செய்கிற தொண்டுதான். எதைச் செய்தாலும் முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதே. நிலத்தை விற்க வேண்டாம் என்று உன் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

பாமணிக்கரை:

தங்கச்சி, உன் கேள்வியைப் பார்த்ததும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீ நிற்கிற இடத்தில் நின்றவள் நான். திருவாரூரில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் 2018-ல் முடித்தேன். ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்துக்கொண்டே நீட் படித்து, 2019-ல் தனியார் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் பி.டி.எஸ். சேர்ந்தேன். இப்போது மன்னார்குடியில் சொந்தமாகச் சிறிய கிளினிக்.

முதலில் அந்த இரண்டாம் வருடக் கதை. நம் நாட்டில் பி.டி.எஸ். படிப்புக்கு ஒரே வாசல்தான், நீட். பட்டம் வாங்கினவர், வாங்காதவர், அரசு இடம், மேனேஜ்மெண்ட் இடம், எல்லாருக்கும் அதே வாசல். பி.எஸ்சி.யைக் காட்டி இரண்டாம் வருடத்தில் நுழைய விதியே கிடையாது. நாலு வருடம் படிப்பு, ஒரு வருடம் கட்டாய இன்டர்ன்ஷிப், மொத்தம் அஞ்சு. முதல் வருடத்தில் உயிர்வேதியியல் ஒரு பாடம். மூன்று வருடம் அதையே படித்துப் பட்டம் வாங்கிய நானும் பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே பரீட்சை எழுதினேன். ஒரு நாள் கூடக் குறையவில்லை. இதற்கு மாறாக யாராவது காசு கேட்டால் அந்தப் படியை மறுபடி மிதிக்காதே.

பட்டதாரிகளுக்கான தனிப் படிப்பு உலகத்தில் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தில் அபெர்டீன் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் படிப்பு பட்டதாரிகளுக்காகவே அமைந்தது, 4 வருடம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல் மருத்துவமே பெரும்பாலும் ஒரு பட்டத்துக்குப் பிறகு படிக்கிற 4 வருடப் படிப்புதான். அந்தக் கன்சல்டன்சிக்காரர்கள் இதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை மறைக்கிறார்கள். பிரிட்டனில் பல் மருத்துவத்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்பம் அக்டோபர் 15-க்குள் போக வேண்டும். நாலு கல்லூரிக்கு மேல் போட முடியாது. யூகேட் என்று நுழைவுத் தேர்வு, அதற்கப்புறம் நேர்காணல். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு இடம்தான் என்று உச்சவரம்பும் உண்டு, அது மிகக் குறைவு. இத்தனைக்கும் நடுவில் "சீட் உறுதி" என்று சொல்ல அந்தக் கல்லூரிகளின் முதல்வராலேயே முடியாது. செலவும் 60 லட்சத்தில் அடங்காது. வெளிநாட்டு மாணவர் கட்டணம், நாலு வருடச் சாப்பாடு, வாடகை எல்லாம் சேர்த்தால் கோடியைத் தாண்டும். அமெரிக்காவில் டாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதோடு சில அடிப்படைப் பாடங்களை அங்கேயே ஒரு கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. நாலு மா விற்ற காசு முதல் வருடத்துக்கே காணாது, தங்கச்சி.

வெளிநாடுதான் கனவு என்றால் அதற்கும் மலிவான பாதை இங்கிருந்தே போகிறது. இங்கே பி.டி.எஸ். முடித்துவிட்டு, பிரிட்டனுக்கு ஓ.ஆர்.இ. என்ற தகுதித் தேர்வு, அமெரிக்காவுக்கு ஐ.என்.பி.டி.இ. தேர்வும் அதன் மேல் இரண்டு மூன்று வருடப் படிப்பும் என்று என்னோடு படித்தவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இனி இங்கே படிப்பது பற்றி. உனக்கு வயது தடை இல்லை. நீட்டுக்கு மேல் வயது வரம்பை 2022-லேயே எடுத்துவிட்டார்கள், எத்தனை முறை எழுதலாம் என்ற கணக்கும் இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்கிறாய், அது போதும். 180 கேள்வி, 720 மார்க். அதில் 90 கேள்வி உயிரியல், அதாவது சரிபாதி. விலங்கியல் படித்தவளுக்கு அந்த 360 மார்க்கில் பெரும்பகுதி கைக்கு எட்டுகிற தூரம்தான். தாவரவியலை மட்டும் கொஞ்சம் தூசி தட்ட வேண்டும். உன்னைக் கவிழ்க்கப் போவது இயற்பியல். மூன்று வருடமாக ஒளியியலும் மின்சாரமும் தொடாத மூளை முதல் மாதம் அடம்பிடிக்கும். நான் பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து, கணக்கை எழுதி எழுதித்தான் திரும்பப் பிடித்தேன். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரிக்கு வரி படி. வினாத்தாளைத் தமிழிலேயே வாங்கலாம். தவறான விடைக்கு ஒரு மார்க் பிடிப்பார்கள் என்பதால் குத்துமதிப்பாகக் குறிக்காதே.

அரசுக் கல்லூரிகள் சென்னையில் இருக்கிறது, சிதம்பரத்தில் இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023-ல் புதிதாகத் திறந்தார்கள். சிதம்பரம் கல்லூரி 1980-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா பெயரில் தொடங்கியது, இப்போது அரசுக் கல்லூரி. உனக்குப் புதுக்கோட்டையும் சிதம்பரமும் வீட்டுப் பக்கம். மற்றபடி தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீடு. இந்த இரண்டில் ஒன்று கிடைத்தால் சேர். மேனேஜ்மெண்ட் இடத்துக்கு ஒரு குழி நிலம் கூட விற்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்ல என் வகுப்பே காரணம். அந்த இடத்துக்காக நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள் என்னோடு படித்தார்கள். படித்து முடித்ததும் நல்ல கிளினிக் ஒன்றில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து கை பழக அவர்களுக்குப் பொறுமை இல்லை, இருக்கவும் முடியவில்லை. வட்டி கழுத்தை நெரித்தது. நான் முதலில் சேர்ந்த கிளினிக்கில் மாதம் 12,000 ரூபாய். என் தலையில் இருந்தது கல்விக் கடன் மட்டும்தான் என்பதால் அந்தச் சம்பளத்தில் தாக்குப்பிடித்து வேர் சிகிச்சையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஏழரை லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள், அப்பாவிடம் சொல்.

வாத்தியார் ஐயா சொன்ன போர்டு எண்ணிக்கை உண்மை. மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் கிளினிக்குகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் பந்தலடியிலிருந்து பஸ் ஏறி முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் உள்ளே போய்ப் பாருங்கள் ஐயா. பல் வலிக்குக் கிராம்பை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு உதவிப் பல் மருத்துவர் வேலை வருவது அபூர்வம், அதை நம்பி யாரும் படிக்க வேண்டாம். சொந்தமாக வைத்தால் சேர், கம்ப்ரஸர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே என்று எனக்கு ஏழு லட்சத்துக்கு மேல் ஆனது, அதில் சேர் பழையது. வருமானம் நம்ம ஊர் வேளாண்மையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். நடவு நேரத்தில் கிளினிக்கில் ஈ ஆடாது. பொங்கல் கழிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட காசு கைக்கு வந்ததும் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட பற்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வரும்.

நீ சொன்ன அந்த ஆயா விஷயம். அது உன் மனதில் நின்றதே, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாருக்கும் பெருமை, எனக்கும் பெருமை. ஆனால் வெற்றிலையோடு சீவலும் புகையிலையும் சேர்ந்துதான் நம் வாய்க்குள் போகிறது. புகையிலையே இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே கெடுதல் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட தொகுதியிலேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. போன மாதம் ஒரு அம்மா வந்தார்கள், வயது நாற்பதுக்குள். ரசம் சோறு கூட எரிகிறது என்றார்கள். வாயைத் திறக்கச் சொன்னேன். மூன்று விரலைச் செங்குத்தாக வைத்தால் நுழைய வேண்டிய வாயில் ஒன்றரை விரல்தான் போனது. கன்னத்தின் உட்புறத்தைத் தடவினால் மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் நார் நாராகப் பட்டை தட்டியது. பாக்கால் வருகிற இறுக்கம் அது. புற்றுநோய்க்கு முந்தைய நிலை. வந்த இறுக்கம் முழுசாக விலகாது, பாக்கை நிறுத்தினால் மேற்கொண்டு போகாமல் ஓரளவு தடுக்கலாம், வாயைத் திறக்கும் பயிற்சி, மருந்து என்று கூடவே இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குப் பல் பிடுங்குகிற டாக்டரை விட, உட்கார வைத்துச் சீவலை நிறுத்தச் சொல்கிற டாக்டர் தேவை. அதற்கு நம்ம ஊர்ப் பேச்சு தெரிந்த பெண்கள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கடைசியாக, கை. பல் மருத்துவம் முக்கால்வாசி கைவேலை. முதல் வருடமே மெழுகுக் கட்டியைக் கொடுத்து, அளவு சொல்லி, பல் செதுக்கச் சொல்வார்கள். லெக்ரான் கார்வர் என்று ஒரு சின்னக் கருவி, ஒரு பக்கம் கத்தி, மறு பக்கம் கரண்டி மாதிரிக் குழிவு. மேல் முன்பல் எளிது. கீழ் முதல் கடைவாய்ப் பல் வந்ததும் அஞ்சு முகடும் அதனதன் உயரத்தில் நிற்க வேண்டும், நடுவில் ஓடுகிற பள்ளங்கள் சரியான இடத்தில் சந்திக்க வேண்டும். ஒரு முகட்டில் அரை மில்லிமீட்டர் அதிகமாக இழைத்துவிட்டால் கட்டியைத் தூக்கிப்போட்டு முதலிலிருந்து. 2020 ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்து செதுக்கினேன். கத்திரி வெயிலில் மெழுகு கையிலேயே இளகும், மண்பானைத் தண்ணீரில் போட்டுப் போட்டு எடுத்துத்தான் வேலை நடந்தது. எங்கள் மேடம் பட்டுக்கோட்டைக்காரர். "நாற்றுப் பிடிக்கிற மாதிரிப் பிடி, இறுக்கினா ஒடியும், விட்டா நழுவும்" என்பார். நடவுக்குப் போன கை எனக்கு, உடனே புரிந்தது. அப்புறம் கடைசி வருடத்தில் இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை பல்செட் கட்ட வேண்டும் என்று கணக்கு உண்டு. நோயாளி கிடைக்காமல் பஸ் காசு கொடுத்து ஊரிலிருந்து அழைத்துக்கொண்டு போவோம். என் சின்ன பாட்டியின் பல்செட் நான் பரீட்சைக்குக் கட்டினது.

நாள் முழுக்கக் குனிந்து, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க உனக்குப் பிடிக்குமா? முகாமில் சாயங்காலம் வரை டார்ச் பிடித்தேன் என்கிறாயே, கை வலித்ததா, கண் அலைந்ததா என்று யோசித்துச் சொல். இன்னொன்று. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை எந்தப் பள்ளியில் படித்தாய்? அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா? இதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த அடி வைக்காதே.

வலங்கைமான் டு மெல்பர்ன்:

பாமணிக்கரை அக்கா சொன்னதுக்கு ஆஸ்திரேலியா கணக்கையும் சேத்துக்கலாம். நான் இங்க மருந்தகத்துல வேலை பாக்குறேன். மெல்பர்ன் பல்கலைக்கழகத்துல பட்டதாரிகளுக்கு 4 வருஷ பல் மருத்துவப் படிப்பு உண்டு, சிட்னிலயும் உண்டு. ஆனா மெல்பர்ன்ல டிகிரியில உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூணும் படிச்சிருக்கணும். நம்ம ஊர் விலங்கியல் பட்டத்துல மனித உடற்கூறியல்னு தனிப் பாடமா இருக்காது, அங்கயே தடுக்கும். அதுக்கு மேல காம்சாட் மாதிரி ஒரு நுழைவுத் தேர்வு, நேர்காணல். கட்டணம் ரூபாய்ல கோடிக்கணக்குலதான் போகும். அடிலெய்டுல பிளஸ் டூ முடிச்சவங்களையே எடுக்கிற 5 வருஷப் படிப்பு இருக்கு, செலவுல அதுவும் சளைச்சதில்ல.

என் மனைவியோட தோழி நாகப்பட்டினம் பொண்ணு. நம்ம நாட்டுல பி.டி.எஸ். முடிச்சு ரெண்டு வருஷம் கிளினிக்ல கை பழகிட்டு இங்க வந்தாங்க. ஆஸ்திரேலிய டென்டல் கவுன்சில் வைக்கிற எழுத்துத் தேர்வு, அப்புறம் செய்முறைத் தேர்வு, ரெண்டையும் முடிச்சு இப்ப விக்டோரியாவுல ஒரு சின்ன ஊர்ல வேலை. செய்முறைத் தேர்வுல பொம்மைத் தலையில பல்லைக் கடைஞ்சு காட்டணும், அதுல நம்ம ஊர்ல நெறைய நோயாளி பாத்த கை சும்மா விளையாடும்னு சொல்வாங்க. தங்கச்சி, அப்பாவோட நிலத்தை விக்காம இங்க வந்து சேர்ற பாதை இதுதான்.

முள்ளியாறு:

அக்கா, அண்ணே, ஐயா, மூணு பேருக்கும் கோடி நன்றி. அக்கா பதிலை அம்மாவுக்கு வாசிச்சுக் காமிச்சேன். இவ்வளவு நாள் பேசாம இருந்த அம்மா "அந்த முன்பணம் குடுக்கலல்ல?"ன்னு கேட்டாங்க. குடுக்கல.

கை வலிச்சுது அக்கா, கண்ணு அலையல. டார்ச் வெளிச்சம் நகந்தா டாக்டரம்மாவுக்குத் தெரியாதேன்னு மூச்சைப் பிடிச்சுகிட்டு நின்னது ஞாபகம் இருக்கு. சின்ன வயசுலேர்ந்து வீட்ல எல்லாருக்கும் முள்ளு எடுக்கிறது நான்தான்.

நான் ஆறாவதிலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளிதான். எட்டாவது வரைக்கும் எங்க ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி, அப்புறம் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி. ஏன் கேட்டீங்க? கல்யாணப் பேச்சும் ஓடிக்கிட்டிருக்கு. அடுத்த மே மாசம் நீட்னா சேரும்போது 22, முடிக்கும்போது 27 ஆயிடும்னு சித்தப்பா கணக்குப் போட்டுச் சொல்றார். உங்க வகுப்புல சின்னப் பிள்ளைங்களோட எப்படி இருந்தீங்க?

பாமணிக்கரை:

ஏன் கேட்டேன் என்றால், உன் வாழ்க்கையே அந்தப் பதிலில் இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமாக வந்தது. அது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பி.டி.எஸ்.ஸுக்கும் உண்டு. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் உண்டு. அப்படிச் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பொதுப் பட்டியலில் உன்னைச் சேர்க்காத மார்க் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம். நான் உதவி பெறும் பள்ளியில் படித்தவள் என்பதால் எனக்கு இது பொருந்தாது, நான் சேர்ந்த வருடம் சட்டமும் வரவில்லை. உனக்குப் பொருந்துகிறது. நாலு மாவும் அப்பாவிடமே இருக்கட்டும்.

கலந்தாய்வு அறிவிப்பு வந்ததும் மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழு போடுகிற விவரக் குறிப்பேட்டை ஒரு வரி விடாமல் படி. 7.5-க்கு விண்ணப்பம் தனி. பொது விண்ணப்பத்தையும் போடு.

சின்னப் பிள்ளைகளோடு இருந்ததைக் கேட்டாய். முதல் மாதம் எல்லாரும் "அக்கா" என்று தள்ளி உட்கார்ந்தார்கள். முதல் உயிர்வேதியியல் தேர்வுக்கு முந்தின ராத்திரி விடுதியில் என் அறையில் பதினைந்து பேர் உட்கார்ந்து குறிப்பு எழுதினார்கள், அதற்கப்புறம் ஒரு தள்ளலும் இல்லை. பி.எஸ்சி. படிப்பு ஒரு வருடத்தையும் குறைக்கவில்லை, ஆனால் நுண்ணோக்கியைப் பார்த்துப் படம் வரைவதும், பரீட்சைக்குப் பதிலைக் கட்டி எழுதுவதும், வாத்தியாரிடம் பயமில்லாமல் சந்தேகம் கேட்பதும் எனக்கு ஏற்கெனவே வந்திருந்தது. நோயாளியிடம் பேசுவதில் வித்தியாசம் இன்னும் அதிகம். லேபில் வேலை பார்த்தவள் இல்லையா, ஊசியைப் பார்த்து மிரள்கிற ஆளை எப்படிப் பிடித்து உட்கார வைப்பது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

27 வயதுக் கணக்குக்கு: படிக்காவிட்டாலும் 27 வரத்தான் போகிறது என்று உன் சித்தப்பாவிடம் நான் வாதாடப் போவதில்லை. உன் வீட்டு நிலைமை உனக்குத்தான் தெரியும். என் வீட்டில் மூன்றாம் வருடம் கல்யாணம் பேசினார்கள், இன்டர்ன்ஷிப் முடியட்டும் என்ற ஒரு நிபந்தனையை வைத்தேன், ஒத்துக்கொண்ட வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். உன் அம்மா வாய் திறந்துவிட்டார்கள் இல்லையா, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

ஒரு வருடம் என்று வைத்துக்கொள். அந்த ஒரு வருடத்தை வீட்டில் கேட்டு வாங்கு. மார்க் வந்த பிறகு பி.டி.எஸ். எட்டவில்லை என்றால் டென்டல் ஹைஜீனிஸ்ட், டென்டல் மெக்கானிக் என்று 2 வருட டிப்ளமோக்கள் இருக்கின்றன. என் கிளினிக்குக்குப் பல்செட்டும் கேப்பும் செய்துதருகிற லேபை நடத்துவது டிப்ளமோ முடித்த ஒரு பெண்தான், அவள் கைத்திறமைக்கு நான் தலை வணங்குகிறேன்.

நீடாமங்கலம் வாத்தியார்:

அம்மா, டாக்டர் எழுதியதைப் படித்த பிறகு என் பி.எட். யோசனையை நான் வற்புறுத்தவில்லை. 7.5 என்றால் என்னால் ஆன உதவி உண்டு, இந்தச் சான்றிதழ்களில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ இரண்டு பள்ளியில் படித்திருக்கிறாய். எந்த வகுப்பு எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு படித்தாய் என்று இரண்டு தலைமையாசிரியர்களிடமும் சான்று வேண்டியிருக்கும், மேலதிகாரி ஒப்புதலும் கேட்பார்கள். கடைசி நேரத்தில் ஓடினால் தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போயிருப்பார், அலுவலர் ஆய்வுக்குப் போயிருப்பார். பள்ளிக் கல்வித் துறை உனக்குக் கொடுத்த எமிஸ் எண்ணையும் எடுத்து வைத்துக்கொள். மாற்றுச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் இனிஷியலும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பார். ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் இப்போதே திருத்தினால்தான் உண்டு. ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடு பீரோவுக்கு அடியில் கிடக்கும், கூட நின்று தேடச் சொல்.

முள்ளியாறு:

ஐயா, இப்பதான் பாத்தேன். ஆதார்ல அப்பா பேர் இனிஷியல் ரெண்டு எழுத்து, டி.சி.யில ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கே பள்ளிக்கூடம் போறேன். அக்கா, நான் உங்க கிளினிக்குக்கு ஒரு நாள் வந்து பாக்கலாமா?

பாமணிக்கரை:

சனிக்கிழமை வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. முகவரி தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு குழந்தைக்குப் பால் பல் எடுக்கிறேன், ஒரு பெரியவருக்குப் பல்செட் அளவு எடுக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் நின்று பார். என்னிடம் பழைய லெக்ரான் கார்வரும் நாலைந்து மெழுகுக் கட்டியும் மிச்சம் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன். முதலில் ஐயா சொன்ன இனிஷியலைச் சரிபண்ணிவிட்டு வா, அதற்கு அப்பா கையெழுத்து வேண்டியிருக்கும்.